கிட்டாக்யூஷு பிறந்த நாள்

சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் தகப்பனார் கையெழுத்துப் போட்ட சம்மதக் கடிதம் வந்தாக வேண்டும் என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். வராவிட்டால் தீர்த்தம்மாளின் பெயரை எடுத்துவிடுவார்கள். அவள் பெயரோடு ஷகிலாவின் பெயரும் போய்விடும். பெண்களை ஒற்றையாக வெளிநாட்டுக்கு அனுப்புவதில்லை என்பது கம்பெனியின் முடிவு. இருவருக்கும் பதிலாக இரவு ஷிப்டிலிருந்து இரண்டு ஆண்கள் போவார்கள்.

ஓசூரில் மின்மோட்டார் செய்கிற கம்பெனி அது. தீர்த்தம்மாளும் ஷகிலாவும் செம்புக் கம்பியைச் சுருட்டிக் காயிலாகச் சுற்றும் பிரிவில் வேலை பார்த்தார்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தாறில் ஜப்பானிலிருந்து புதிதாக ஒரு சுற்று இயந்திரம் வரப்போவதாகவும், அதை ஓட்டக் கற்றுக்கொள்ள இரண்டு பேர் கிட்டாக்யூஷு என்கிற ஊருக்கு நான்கு மாதம் போகவேண்டும் என்றும் சொன்னார்கள். பரீட்சை வைத்துத்தான் ஆள் எடுத்தார்கள். கை வேகத்தில் தீர்த்தம்மாள் முதல், ஷகிலா இரண்டாவது.

ஷகிலாவின் தகப்பனார் அன்வர் பாஷா தர்மபுரியில் பூட்டு ரிப்பேர் கடை வைத்திருந்தார். கூட இன்னொரு பெண் வருகிறாளா, அங்கே சாப்பாட்டுக்கு என்ன செய்வார்கள் என்று இரண்டே கேள்வி கேட்டுவிட்டு முதல் வாரமே கையெழுத்துப் போட்டுக்கொடுத்தார். தீர்த்தம்மாளின் தகப்பன் மாயவன் போடவில்லை.

"அந்த ஊரு ஜாதகத்தப் பாக்காம அனுப்ப மாட்டேன்" என்றார்.

கேட்பவர்களுக்குச் சிரிப்பு வரலாம். பொம்மிடிப் பக்கத்தில் மாயவனைத் தெரிந்த யாரும் சிரிக்கவில்லை. அவருடைய மூத்த மகன் மாதையன் ஐந்து வருஷத்துக்கு முன்னால் கர்நாடகப் பக்கம் ஓர் இரும்பாலைக்கு வேலைக்குப் போனான். உலைக்குப் பக்கத்தில் ஏதோ விபத்து. இருபத்திரண்டு வயது. பத்து நாள் கழித்து வீட்டுக்கு ஒரு கார்டு வந்தது, தகனம் முடிந்துவிட்டது என்று. அவன் ஜாதகத்தை எழுதிய ஜோசியர் எண்பது வயது ஆயுசு என்று சொல்லியிருந்தார். மாயவன் அந்த நோட்டை எடுத்துக்கொண்டு அவர் வீட்டு வாசலில் போய் நின்றார். "பையன் ஜாதகத்துல பழுதில்ல மாயவா. போன ஊரோட ஜாதகம் அவனுக்கு ஆகல. ஊருக்கும் பொறந்த நாளு உண்டு, அத யாரு பாக்கறா?" என்றார் ஜோசியர். அந்த ஜோசியரும் மறுவருஷம் செத்துப்போனார். அவர் சொன்ன வார்த்தை மட்டும் மாயவனிடம் தங்கிவிட்டது. தான் பார்த்திருக்க வேண்டியதைப் பார்க்காமல் மகனை அனுப்பிவிட்டதாகவே அவர் நினைத்தார்.

தீர்த்தம்மாளுக்கு அந்த ஆடியோடு இருபத்திரண்டு முடிந்திருந்தது.

ஊர் பிறந்த தேதியைக் கேட்டு வாங்குவது கஷ்டமாக இல்லை. கம்பெனிக்கு வந்திருந்த ஜப்பான் எஞ்சினியர் இனோவே அந்த ஊர்க்காரர். மத்தியானச் சாப்பாட்டு வேளையில் தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் அவள் கேட்டாள். அவர் யோசிக்கவே இல்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து மூன்று, பிப்ரவரி பத்து. அதற்கு முன் அது ஐந்து ஊர், அன்றைக்குத்தான் ஒரே ஊராக்கினார்கள், பள்ளிக்கூடத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் இனிப்புக் கொடுத்தார்கள் என்றார். அங்கே என்னென்ன தொழில் என்று கேட்டதற்கு இரும்பு, சிமெண்ட், கண்ணாடி, மோட்டார் என்று விரல் மடக்கினார்.

அப்பாவிடம் கொடுப்பதற்கு முன் தானே ஒருமுறை பார்த்துவிடலாம் என்று தோன்றியது. ஓசூர் சந்தைக்குப் பின்னால் கன்னடக்கார ஜோசியர் ஒருவர் இருந்தார். ஆளைச் சொல்லாமல் ஊரைச் சொன்னதும் அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். அரை மணி நேரம் கணக்குப் போட்டார்.

"சிம்ம ராசி. பெரிய கர்வம்" என்று ஆரம்பித்தார். "சூரியனும் சனியும் மகரத்துல சேந்து நிக்கறாங்க, கூட கேது. அப்பனும் மகனும் ஒரே வூட்டுல இருந்துக்கிட்டு முகம் கொடுத்துப் பேசாத மாதிரி. இந்த ஊரு சிரிக்காதம்மா. ராத்திரி பகல்னு இல்லாம ஒழைக்கும். உடம்பெல்லாம் கரி, வாயில எப்பவும் பொகை. அஞ்சு தாயிக்கு ஒரே புள்ள, ஒரு தாயும் முழுசாப் பால் குடுக்கல."

"நல்லதா ஒண்ணும் இல்லீங்களா?"

"சொன்ன சொல்லுத் தவறாது. ஆனா எதிர்ல பாரு. கடகத்துல செவ்வாய் நீசம், ராகுவோட. நெருப்பு கொணம் கெட்டு நிக்குது. ஒரு பக்கம் இரும்பு, ஒரு பக்கம் கெட்ட நெருப்பு. நடுவுல மனுஷன் போய் நின்னா?" காகிதத்தை மடித்து அவளிடம் நீட்டினார். "பேடம்மா. அனுப்பறது யாரா இருந்தாலும் வேண்டாம்னு சொல்லிடு."

காகிதத்தைப் பையில் போட்டுக்கொண்டு அவள் பஸ் நிலையத்துக்குத் திரும்பி நடந்தாள். நம்பினாளா என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. ஆனால் இந்த வார்த்தைகளை அப்பா கேட்டால் என்ன ஆகும் என்று தெரிந்தது. இரும்பு, நெருப்பு, நடுவில் மனுஷன். அதோடு முடிந்தது.

வெள்ளிக்கிழமை மாலை தர்மபுரி பஸ்ஸில் ஷகிலாவிடம் சொன்னாள். "வேற தேதி குடுக்கப் போறேன்."

"என்ன தேதி?"

"எங்கண்ணன் பொறந்த தேதி."

ஷகிலா திரும்பிப் பார்த்தாள். "செத்துப்போனவரோட தேதியா? வேணாம் தீர்த்தா. வாய்க்கு வந்த தேதி ஒண்ணச் சொல்லேன்."

"அது இதைவிட மோசமா வந்துட்டா? எனக்கு நல்ல ஜாதகம்னு தெரிஞ்சது ஒண்ணே ஒண்ணுதான். பொண்ணு பாக்க எங்கப்பா எடுத்துட்டுப் போன எடத்துல எல்லாம் ராஜ ஜாதகம்னாங்க."

"அப்பாவுக்குத் தெரிஞ்சிட்டா?"

"இங்கிலீஷ் தேதி அவருக்குத் தெரியாது. அவன் கார்த்திகை தீபத்தன்னிக்குப் பொறந்தான், அவ்வளவுதான் தெரியும். ஜோசியர் மனசுக்குள்ள கணக்குப் போட்டுப் பலன் மட்டும் சொல்லுவாரு."

ஷகிலா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தர்மபுரியில் இறங்கும்போது, "பொய் சொல்லித்தான் போகணும்னா எனக்கு அந்த ஊரு வேணாம்" என்றாள். சொல்லிவிட்டு, நாளைக்குக் கம்பெனி வாசலில் காத்திருப்பதாகவும் சொன்னாள்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு அப்பாவும் மகளும் அதியமான்கோட்டையில் சென்னப்ப ஜோசியர் வீட்டில் உட்கார்ந்திருந்தார்கள். நெடுஞ்சாலையை ஒட்டிய ஓட்டு வீடு. லாரி போகும்போதெல்லாம் ஜன்னல் கம்பி அதிர்ந்தது. சென்னப்பனுக்கு நாற்பது வயது இருக்கும். ஊருக்கு ஜாதகம் கணிப்பதில் அவருக்கு உற்சாகம். ஒரு பஸ் கம்பெனிக்குப் பார்த்திருக்கிறாராம், ஊருக்கு இதுதான் முதல் தடவை.

தீர்த்தம்மாள் துண்டுச் சீட்டை நீட்டினாள். இருபத்தாறு, பதினொன்று, ஐம்பத்தெட்டு என்று எண்ணால் எழுதியிருந்தாள். மாயவன் சுவரோரம் சம்மணம் போட்டு, தோள்துண்டை மடியில் வைத்துக்கொண்டிருந்தார்.

"நேரம்?" என்றார் சென்னப்பன்.

அவள் இதை யோசித்திருக்கவில்லை. ஓர் ஊருக்கு நேரம் கேட்பார்கள் என்று அவள் நினைக்கவே இல்லை.

"நேரம் இல்லாம லக்னம் போட முடியாதும்மா."

"சாயங்காலம்" என்றாள். "ஆறு மணி. வெளக்கு வெக்கற நேரம்."

சொல்லி முடித்த பிறகுதான் அது யார் பேச்சு என்று உறைத்தது. அம்மா பெரியம்மாள் அண்ணனைப் பற்றிச் சொல்லும்போதெல்லாம் சொல்கிற சொல். அப்பா தலையைத் தூக்கினார். அவள் அவர் பக்கம் திரும்பவில்லை.

சென்னப்பன் பழைய பஞ்சாங்கங்களைப் புரட்டினார். மனசுக்குள் கணக்குப் போடுகிற ஆள் இல்லை அவர். ஒவ்வொன்றையும் உரக்கச் சொல்லிச் சொல்லி எழுதினார்.

"விளம்பி வருஷம். கார்த்திகை மாசம் பதினொண்ணு. புதன்கிழமை. அட, பௌர்ணமி! ரோகிணி நட்சத்திரம். ரிஷப லக்னம், ரிஷப ராசி."

ஒரு லாரி கடந்துபோனது. ஜன்னல் அதிர்ந்து அடங்கியது. மாயவன் மடியிலிருந்த துண்டை எடுத்து இன்னும் சின்னதாக மடித்தார். மூன்று வருஷம் மாதையனுக்குப் பெண் தேடிக்கொண்டு அந்த வரிகளை ஊர் ஊராகச் சுமந்தவர் அவர். படிக்கத் தெரியாவிட்டாலும் ஒவ்வொரு வீட்டிலும் ஒருவர் படிக்கக் கேட்டவர்.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் தீர்த்தம்மாளுக்குத் தாங்க முடியவில்லை. எழுந்து வெளியே போய்விடலாமா என்று நினைத்தாள். எழ முடியவில்லை.

"ஒரு ஆளைப் பத்திச் சொல்ற மாதிரியே சொல்றேன், கேளுங்கண்ணே" என்றார் சென்னப்பன். "உச்சச் சந்திரன். மனசு பெரிசு. வந்தவனுக்குச் சோறு போட்டுட்டுத்தான் நீ யாருன்னே கேக்கும். பௌர்ணமில பொறந்ததால ஒளிக்கத் தெரியாது. உள்ள என்ன நெனைக்குதோ அது மூஞ்சில நிக்கும். மேஷத்துல செவ்வாய் ஆட்சி. நெருப்புக்குப் பயப்படாது. இரும்பக் கையில எடுத்தா முடிக்காம வெக்காது. தொழில் ஊருன்னு சொன்னீங்களே, சரியா இருக்குதா?"

"இருக்குதுங்க" என்றார் மாயவன். 

"கோபம் வரும். வந்தா சாப்பாட்டுத் தட்டத் தள்ளி வெச்சிட்டுப் போயிரும். அரை மணி நேரத்துல அதுவே வந்து உக்காந்துக்கும்." சென்னப்பன் ஊர் என்பதை மறந்து, எதிரில் ஓர் ஆள் உட்கார்ந்திருப்பதுபோலப் பேசிக்கொண்டு போனார். "தாயார் மேல உசுரு. தூரமா இருந்தா தூக்கம் வராது. தனக்குன்னு ஒண்ணும் வெச்சுக்காது."

மாயவன் மெதுவாகக் கேட்டார். "ஆயுசு எப்படிங்க?"

"ஊருக்கு என்னண்ணே ஆயுசு? இருந்தாலும் சொல்றேன். எண்பதுக்குக் கொறையாது."

"இருவத்திரண்டு வயசுல இதுக்கு என்ன நடந்திருக்கும்?"

சென்னப்பன் விரல் விட்டு எண்ணினார். "எண்பது, எண்பத்தொண்ணாம் வருஷம். ராகு தசை, சனி புத்தி. தொழில்ல ஒரு தகராறு, ஒரு கஷ்டம் வந்திருக்கும். ஆனா தாண்டி வந்திருக்கும்."

"தாண்டலீங்க" என்றார் மாயவன்.

"என்னண்ணே?"

"ஒண்ணுமில்லீங்க." தட்சிணையை வெற்றிலைமேல் வைத்துவிட்டு எழுந்தார். எழும்போது சுவரைப் பிடித்துக்கொண்டார்.

சாலைக்கு வந்து புளியமரத்தடியில் நின்றார்கள். நல்ல வெயில். தீர்த்தம்மாள் அழ ஆரம்பித்திருந்தாள்.

"அப்பா."

"பேசாத."

"அப்பா, நான் வேணும்னு..."

"அவன் பேர வெச்சு என்னை ஏமாத்த ஒனக்கு எப்படி மனசு வந்துச்சு?" அவர் கத்தவில்லை. "அந்தாளு சொல்லச் சொல்ல, அவன் உள்ள வந்து உக்காந்த மாதிரி இருந்துச்சு. தட்டத் தள்ளி வெச்சது வரைக்கும் சொல்றாரு. நான் வெட்கங்கெட்டுக் கேட்டுக்கிட்டு இருந்தேன், இன்னும் கொஞ்சம் சொல்லட்டும்னு."

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பையிலிருந்து கன்னடக்கார ஜோசியர் கொடுத்த காகிதத்தை எடுத்து நீட்டினாள். "இதான்ப்பா நெஜமான தேதி. பாத்தாச்சு. இரும்பும் நெருப்பும்னு சொன்னாரு. போக வேணாம்னு சொன்னாரு. கேட்டா நீ அனுப்ப மாட்டேன்னுதான்."

மாயவன் அதை வாங்கினார். படிக்கத் தெரியாத கட்டங்களை வெகுநேரம் பார்த்தார். தர்மபுரியிலிருந்து பொம்மிடிக்குப் பன்னிரண்டரை மணிக்கு ஒரு பஸ் இருந்தது. ஏறினால் எல்லாம் முடிந்துவிடும். டவுன் பஸ்ஸில் தர்மபுரி வந்து இறங்கினார்கள். பொம்மிடி பஸ் புறப்படத் தயாராக நின்றது. மாயவன் அதன் படிக்கட்டு வரை போனார். ஒரு நிமிஷம் நின்றார். பிறகு திரும்பி எதிர்ப்பக்கம் நடந்து கிருஷ்ணகிரி வழியாக ஓசூர் போகும் வண்டியில் ஏறி உட்கார்ந்தார். தீர்த்தம்மாள் ஓடிப்போய் ஏறினாள். வேறு சீட்டில்தான் உட்கார முடிந்தது. மூன்று மணி நேரம் அவருடைய பின்தலையையே பார்த்துக்கொண்டு வந்தாள். கையெழுத்துப் போடப் போகிறாரா, வேலையே வேண்டாம் என்று எழுதிக்கொடுத்து அழைத்துப்போகப் போகிறாரா என்று தெரியவில்லை.

கம்பெனி வாசலை அடைந்தபோது மணி நாலேகால். ஷகிலா வாசலில் இருந்தாள். தீர்த்தம்மாளின் முகத்தைப் பார்த்ததும் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அந்த ஜப்பான்காரரப் பாக்கணும்" என்றார் மாயவன்.

வாட்ச்மேன் முதலில் விடவில்லை. ஷகிலா உள்ளே ஓடிப்போய்ச் சொல்லி, இனோவே தாமே வாசலறைக்கு வந்தார். பெங்களூர் புறப்பட வண்டி தயாராக இருந்தது. கையில் பெட்டி. மாயவனைக் கண்டதும் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு இடுப்பை வளைத்து வணங்கினார். மாயவன் கும்பிட்டார்.

"கேளு. இவங்க கம்பெனில ஆளு செத்திருக்காங்களா?"

தீர்த்தம்மாள் அப்பாவைப் பார்த்தாள்.

"கேளுன்னு சொன்னேன்."

கேட்டாள். இனோவே நிமிர்ந்து மாயவனைப் பார்த்தார். பிறகு தாழ்ந்த குரலில், ஒவ்வொரு சொல்லாக இங்கிலீஷில் சொன்னார். தீர்த்தம்மாளுக்குப் புரிந்தது. அந்த அறையில் ஷகிலாவைத் தவிர வேறு யாருக்கும் புரியாது. இல்லையாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சுவர்க் கடிகாரத்தில் நாலரை. அப்பா அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். ஷகிலா தரையைப் பார்த்தாள்.

"ஆமாங்கறாருப்பா" என்றாள். "ஏழு வருஷத்துக்கு முன்னாடி ஒருத்தர். பிரஸ் மெஷின்ல. அன்னிக்கு ஷிப்டுக்குப் பொறுப்பு இவருதானாம்."

மாயவன் மெல்லத் தலையசைத்தார். "வூட்டுக்குப் போய் யாரு சொன்னாங்க?"

அவள் கேட்டாள். "இவரேதான். அன்னிக்கே. ரயில்ல மூணு மணி நேரமாம்."

"போய் என்ன சொன்னாரு?"

அதையும் கேட்டாள். "ஒண்ணும் சொல்ல வரலையாம்ப்பா. வாசல்லயே உக்காந்துட்டாராம். அந்தம்மாதான் இவருக்குத் தண்ணி குடுத்தாங்களாம்."

மாயவன் சுவரில் சாய்ந்துகொண்டார். துண்டால் முகத்தை மூடிக்கொண்டு நின்றார். தோள்கள் குலுங்கின, சத்தம் வரவில்லை. கார்டு வந்த நாளில்கூட அவர் அழுது தீர்த்தம்மாள் பார்த்ததில்லை. இனோவே அசையாமல் நின்றார். வெளியே வண்டிக்காரன் ஹாரன் அடித்தான். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

"எனக்கு ஒண்ணும் எழுதிக் குடுக்க வேணாம்" என்றார் மாயவன் கடைசியில். "எம்பொண்ணுக்கு அங்க என்ன ஆனாலும் கார்டு போடக் கூடாது. இவரு வரணும். பொம்மிடி ஸ்டேஷன்ல எறங்கி மாயவன் வூடுன்னு கேட்டா யாரும் காட்டுவாங்க. அதச் சொல்லு."

அவள் சொன்னாள். பாதியில் குரல் உடைந்து நின்றுபோக, மீதியை ஷகிலா சொன்னாள். இனோவே சட்டைப் பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து ஊர்ப் பெயரை எழுத்துக் கூட்டிச் சொல்லச் சொன்னார். பொம்மிடி. மாயவன். எழுதிவிட்டுப் படித்துக் காட்டினார். அவர் வாயில் அது வேறு மாதிரி ஒலித்தது. மாயவன் இரண்டு முறை திருத்தினார்.

பிறகு சம்மதக் கடிதத்தை மேஜைமேல் வைத்தார்கள். மாயவனுக்குத் தன் பெயர் மட்டும் எழுதத் தெரியும். நான்கு எழுத்தையும் எழுதி முடிக்க வெகுநேரம் ஆயிற்று. ஷகிலா அந்தத் தாளை எடுத்துக்கொண்டு ஆபீஸுக்கு ஓடியபோது ஐந்தடிக்கப் பத்து நிமிஷம் இருந்தது.

வெளியே வந்ததும் மாயவன் மகளிடம் சொன்னார். "காலையில நடந்தது ஒங்கம்மாவுக்குத் தெரிய வேணாம். தாங்க மாட்டா." அதற்குப்பின் மூன்று வாரம் அவளோடு அவர் பேசவில்லை. வீட்டுக்குப் போனால் சாப்பிட்டாளா என்று அம்மாவிடம்தான் கேட்பார். கையெழுத்துப் போட்டதால் கோபம் போய்விடவில்லை. அது போய்விடும் என்று அவளும் எதிர்பார்க்கவில்லை. ஒருநாள் அவர் மட்டும் அதியமான்கோட்டைக்குப் போய் அந்த ஜாதகம் யாருடையது என்று சென்னப்பனிடம் சொல்லிவிட்டு வந்ததாக அம்மா வழியாக இல்லாமல் வேறு யாரோ சொல்லித்தான் தெரிந்தது. சென்னப்பன் என்ன சொன்னார் என்று யாருக்கும் தெரியாது.

புறப்படும் நாளில் பெங்களூர் போகும் கம்பெனி வேன் ஓசூரில் நின்றது. அன்வர் பாஷா குடும்பத்தோடு வந்து ஷகிலாவைக் கட்டிக்கொண்டு அழுதார். மாயவன் தள்ளி நின்றார். வேன் கிளம்புகிற நேரத்தில் ஜன்னல் பக்கம் வந்தார்.

"போய்ச் சேந்ததும் எழுது. நல்லா இருக்கேன், நல்லா இருக்கேன்னு எழுதாத. என்ன நடக்குதோ அத எழுது. நல்லதும் கெட்டதும். பள்ளிக்கூட வாத்தியார்கிட்டக் குடுத்துப் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கறேன்."

"சரிப்பா."

கிட்டாக்யூஷுவில் புகைபோக்கிகள் இருந்தன, கடல் இருந்தது, இரவு பகலாக வேலை நடந்தது. இரண்டாவது வாரம் சுற்று இயந்திரத்தின் கம்பி அறுந்து தீர்த்தம்மாளின் இடது உள்ளங்கையைக் கிழித்தது. மூன்று தையல் போட்டார்கள். அன்று மாலை விடுதி அறையில் அவள் வலது கையால் கடிதம் எழுதினாள். ஷகிலா தாள் நகராமல் பிடித்துக்கொண்டாள். கை கிழிந்ததை முதல் வரியில் எழுதினாள்.